வன்னி வயலுக்குத் தனியே போகிறவர்களுக்கு: காட்டுப் பன்றி, சுருக்குக் கம்பி, ஒரு மார்கழி இரவு

யாழ்ப்பாணத்தில் வீடும் வன்னியில் வயலுமாக இருக்கிற குடும்பங்கள் நிறைய. எங்களுடையதும் அப்படித்தான். கொடிகாமத்தில் வீடு, விசுவமடுவுக்குத் தெற்கே காட்டோரமாக மூன்று ஏக்கர் வயல். அப்பா இருக்கும்வரை அந்த வயலைப் பற்றி எங்களுக்கு ஒரு கவலையும் இருந்ததில்லை. விதைப்புக்கும் அறுப்புக்கும் போவார், இடையில் ஒருமாதம் அங்கேயே கொட்டில் போட்டு இருப்பார், தை பிறக்க நெல்மூட்டையோடு வருவார். அவர் மோசம் போனபிறகு அண்ணா வவுனியாவில் வேலை, என் கணவர் கட்டாரில் என்று நிற்க, வயல் என் தலையில் வந்தது. நான் சாவகச்சேரியில் ஒரு அலுவலகத்தில் எழுதுவினைஞர். வயல் வேலை எனக்குப் புதிது இல்லை. காட்டோரத்து வயல் வேலைதான் புதிது. அங்கே நான் பட்டதை எழுதுவதற்குக் காரணம், எனக்கு முன்னால் யாராவது இதை எழுதியிருந்தால் என் இடது கணுக்காலில் இப்போதிருக்கிற தழும்பு இருந்திருக்காது.

காலபோக நெல் பால் பிடிக்கிற நேரம் மார்கழி. அந்தப் பால் மணத்துக்குத்தான் பன்றி வரும். கூட்டமாக இரவில் வரும். தின்பதைவிட உழக்கிப் படுத்துவிட்டுப் போவதுதான் கூட. காலையில் போய்ப் பார்த்தால் கதிர் சேற்றில் கிடக்கும், வரம்பு கிளறி உடைந்திருக்கும், உடைந்த வரம்பால் தண்ணீர் வடிந்துபோயிருக்கும். கச்சான், மரவள்ளி, வற்றாளை போட்ட தோட்டமென்றால் இன்னும் மோசம், மூக்கால் உழுதுவிட்டுப் போய்விடும். என் காவலுக்கு இருந்த ஐயா ஒருநாள் காலை ஃபோன் எடுத்து, “பிள்ளை, மேற்குத் துண்டு முடிஞ்சுது” என்றார். போய்ப் பார்த்தேன். விதைநெல், உழவு, பசளை, களைநாசினி என்று போட்ட காசு கண்முன்னே மிதிபட்டுக் கிடந்தது. அவ்விடத்திலேயே வரம்பில் இருந்து அழுதேன். அந்தத் துண்டில் மட்டும் ஏறக்குறைய ஒரு இலட்சத்து இருபதினாயிரம் ரூபாய்.

அன்று பக்கத்து வயல்காரர் வந்து ஆளுக்கொரு வழி சொன்னார்கள். இதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் யாழ்ப்பாணத்திலிருந்து போகிற எல்லோருக்கும் இதே யோசனைகள்தான் சொல்லப்படும், சொல்கிறவர்களும் கெட்டவர்கள் இல்லை. முதலாவது கட்டுத்துவக்கு. பன்றி வருகிற தடத்துக்குக் குறுக்கே தங்கூசி நூலை இழுத்து, அதன் முனையைத் துவக்கின் விசையோடு கட்டிவிடுவது. காலால் நூலை இழுத்தால் வெடிக்கும். பன்றியின் உயரத்துக்குக் குறிவைப்பதால் மனிதன் நூலைத் தட்டினால் முழங்காலைச் சுற்றித்தான் படும். உயிர் தப்பினாலும் கால் தப்புவது அரிது. இரண்டாவது சுருக்கு. மோட்டார் சைக்கிள் கிளச் வயர், பிறேக் வயர் போதும், செலவே இல்லை. மூன்றாவது, வெடிமருந்தைத் தீனிக்குள் வைத்து விடுவது. பன்றி கடிக்க வாய் சிதறும். அதைக் கடித்து வாய் கிழிந்து நாட்கணக்கில் பட்டினி கிடந்து செத்த யானைக்கன்றுகளின் கதை இலங்கை முழுவதும் உண்டு. நான்காவது, வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் கொடுப்பது. ஐந்தாவது, துவக்கும் நாயும் வைத்திருக்கிற ஆட்களைக் கூப்பிட்டு இரவில் வேட்டையாடிக் கொண்டுபோகச் சொல்வது.

எல்லோரும் சொல்லி முடிய ஐயா தனியே கூப்பிட்டுச் சொன்னார். அவர் இளமையில் வேட்டைக்குப் போனவர். “பிள்ளை, நாங்கள் மரத்தில பரண் கட்டி, தண்ணிக்கு வாறதைப் பார்த்து இருந்து சுட்ட ஆக்கள். சினைப்பட்டது வந்தா விட்டிடுவம். கண்ணால பார்த்துச் சுடுறவன் ஆளையும் பார்ப்பான். கம்பிக்குக் கண் இல்லை. அதைக் கட்டினவன் வீட்டில படுத்திருப்பான், அது அங்க தன்பாட்டில பிடிச்சுக்கொண்டு நிக்கும்.” நான் அன்றே முடிவெடுத்தேன், என் காணியில் கட்டுத்துவக்கும் இல்லை, கம்பியும் இல்லை, வெடியும் இல்லை. கொட்டில் போட்டு, லைற் போட்டு, ஐயாவோடு இன்னொருவரைக் காவலுக்கு வைப்பது என்று தீர்மானித்தேன். அதற்குச் சம்பளம் கொடுக்க அம்மாவின் கைச்சங்கிலி அடகுக்குப் போனது. ஆனால் என் காணியில் நான் எடுத்த முடிவு என் காணியின் எல்லையோடு நின்றுவிடும் என்பதும், பக்கத்துக் காணிக்காரன் எடுக்கிற முடிவு நான் போகிற பாதையில் கிடக்கும் என்பதும் அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை.

இனி வழி. கொடிகாமத்திலிருந்து மிருசுவில், எழுதுமட்டுவாள், முகமாலை, பளை, ஆனையிறவு தாண்டிப் பரந்தன் சந்திவரை ஏ9 வீதி. பரந்தனில் கிழக்கே திரும்பினால் முல்லைத்தீவு போகிற ஏ35. தருமபுரம், நெத்தலியாறு தாண்டி விசுவமடு. இவ்வளவும் நல்ல தார் றோட்டு, கண்ணைக் கட்டிவிட்டாலும் போகலாம். அங்கிருந்து உள்ளே கிறவல் றோட்டு, பிறகு மண்பாதை, பிறகு உழவு இயந்திரம் போன தடம். யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எங்களுக்கு வழி தவறுவது என்றால் என்னவென்றே தெரியாது. எந்தக் குச்சொழுங்கையில் நுழைந்தாலும் ஒரு வைரவர் கோயில், ஒரு கிணறு, ஒரு படலை, படலையில் ஒரு ஆச்சி இருப்பார். “எந்தப் பக்கம் ஆச்சி?” என்று கேட்டால் போதும். அந்தப் பழக்கத்தோடு காட்டோரம் போனால் கேட்க ஆள் இல்லை. ஒரே மாதிரிப் பாலை மரம், வீரை மரம், ஒரே மாதிரித் தடம். இரண்டு தடம் பிரிகிற இடத்தில் பெயர்ப்பலகை இருக்காது. பகலில் பார்த்து வைத்த மரம் இரவில் வேறு மரம்.

நான் கம்பியில் மாட்டிய அன்று பின்னேரம் ஐயா கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கிளினிக் போயிருந்தார். நான் வயலில் மற்றக் காவல்காரரோடு நின்று, லைற்றுக்கு பற்றறி மாற்றிவிட்டு, இருட்ட முதல் வெளிக்கிட்டேன். வழமையாகப் போகிற பாதையில் ஒரு தாழ்ந்த மதகு உண்டு. மேலே குளம் நிரம்பி வான் பாய்ந்ததில் மதகுக்கு மேலால் தண்ணீர் இடுப்பளவு ஓடியது. ஸ்கூட்டியை அதற்குள் விட முடியாது. ஃபோனில் வரைபடத்தைப் பார்த்தேன். காட்டோரமாக ஒரு பாதை சுற்றிப் போய் ஏ35 இல் ஏறுவதாகக் காட்டியது. உண்மையில் அப்படி ஒரு பாதை இருக்கிறது, மரம் ஏற்றுகிறவர்கள் கோடையில் பாவிக்கிற பாதை. மாரியில் அதைப் பாவிப்பவர் இல்லை என்பதை வரைபடம் சொல்லாது. வன்னியில் வரைபடத்தை நம்பிப் போகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: அதில் காட்டுகிற கோடு வானத்திலிருந்து எப்போதோ தெரிந்த தடம். இப்போது அதில் ஆள் போகிறதா, தண்ணீர் நிற்கிறதா, குளக்கட்டோடு முடிகிறதா என்பது அந்த ஊர்ச் சந்திக் கடையில் தேத்தண்ணி குடிக்கிறவருக்குத்தான் தெரியும்.

கொஞ்சத் தூரம் போக மரமொன்று குறுக்கே விழுந்து கிடந்தது. அதைச் சுற்றி இடப்பக்கமாக ஒரு ஒற்றையடித் தடம் தெரிந்தது. மனிதர் நடந்த தடம் என்று நினைத்து ஸ்கூட்டியை இறங்கி உருட்டினேன். மிருகமும் மரத்தைச் சுற்றித்தான் போகும். அதைத் தெரிந்தவன் அங்கேதான் கம்பி வைப்பான். கால் எதிலோ தடக்குப்பட்டது போலிருந்தது, இழுத்தேன், அது இறுகியது. இன்னும் இழுக்க இன்னும் இறுகியது. ஸ்கூட்டி மறுபக்கம் விழுந்து லைற் நின்றுபோனது. பாம்பு சுற்றிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். மாரியில் புடையன் நடமாட்டம் அங்கே கூட. கத்தினேன். கத்தக் கத்த இழுத்தேன். சுடிதார் துணிக்கு மேலால் கம்பி விழுந்தபடியால் தோல் முழுக்க அறுபடவில்லை, ஆனால் ஒரு பக்கம் துணி விலகிய இடத்தில் எலும்பு தெரியுமளவுக்கு இறங்கிவிட்டது. இரத்தத்தின் சூடு செருப்புக்குள் வந்தபிறகுதான் ஃபோன் லைற்றைப் போட்டுப் பார்த்தேன். கிளச் வயர். ஒரு முனை மரக்குற்றியில்.

சுருக்கில் கால் மாட்டினால் என்ன செய்ய வேண்டும் என்பதை அந்த இருட்டில் நானே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது, அதனால் தெளிவாக எழுதுகிறேன். இழுக்கக் கூடாது. கம்பி கட்டியிருக்கிற குற்றியை நோக்கிப் போக வேண்டும். போனால் கம்பி தளரும். தளர்ந்தபின் கண்ணி ஓடுகிற முடிச்சு எங்கே என்று தடவிப் பார்த்து, அதைக் காலிலிருந்து பின்னுக்குத் தள்ள வேண்டும். வயர் வளைந்து இறுகியிருந்தால் கையால் முடியாது. நான் ஸ்கூட்டித் திறப்பின் முனையைத் துணிக்கும் கம்பிக்கும் நடுவே செருகி நெம்பித்தான் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். இப்போது என் பையில் எப்போதும் ஒரு சின்னக் குறடு இருக்கிறது, வயர் வெட்டுகிறது. ஹாட்வெயார் கடையில் கிடைக்கும். மாடு, நாய் வைத்திருக்கிறவர்களுக்கும் அது உதவும். கால் விடுபட்டபின் காயத்துக்கு மேலே இறுக்கிக் கட்டாமல், போத்தல் தண்ணீரால் கழுவி, துணியை நேரே காயத்தின் மேல் வைத்து அழுத்திப் பிடித்தேன். அது சரி என்று பிறகு வைத்தியர் சொன்னார்.

விடுபட்டதும் எழும்பி ஓடத்தான் மனம் சொன்னது. லைற்றைச் சுற்றிப் பிடித்தேன். இரண்டு பாகம், பன்னிரண்டு அடி போல, தள்ளி இன்னொரு கண்ணி, முழங்கால் உயரத்தில். அதற்கப்பால் தெரியவில்லை. கம்பி வைக்கிறவன் ஒன்றோடு நிற்பதில்லை, தடம் நெடுக வைப்பான். அதே ஆள் தங்கூசியும் கட்டியிருந்தால்? கட்டுத்துவக்குக்காரர் பின்னேரம் கட்டி விடிய அவிழ்ப்பார்கள், ஆகவே ஆபத்தான நேரம் இரவுதான். நான் வந்த கால் தடத்திலேயே, அதே இடத்தில் கால் வைத்து, பின்னுக்குப் போய் உழவு இயந்திரச் சில்லு போன தடத்தில் ஏறினேன். சில்லு போன இடத்தில் பெரும்பாலும் கம்பி இருக்காது, நூலும் இருக்காது. முன்னாள் போர்ப்பகுதிகளில் மிதிவெடிக்குச் சொல்லித் தந்த அதே புத்திதான்: ஆளோ வாகனமோ புதிதாகப் போன தடத்தை விட்டு விலகாதே, சிறுநீர் கழிக்கக்கூடப் பற்றைக்குள் போகாதே. முகமாலையில் சிவப்பு மண்டையோட்டுப் பலகையைப் பார்த்து வளர்ந்த எங்கள் தலைமுறைக்கு இது தெரியும், இப்போது வளர்கிற பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

ஸ்கூட்டியைத் தூக்கி எடுக்கத் துணிவு வரவில்லை, அது கண்ணிகளுக்குப் பக்கத்தில் கிடந்தது. சில்லுத் தடத்தில் ஒரு கல்லில் இருந்தேன். ஃபோனில் சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது. கதைக்க முடியவில்லை. இங்கே ஒரு விடயம் பலருக்குத் தெரியாது: சிக்னல் இல்லாவிட்டாலும் ஃபோனில் நாம் நிற்கிற இடத்தைச் செய்மதி காட்டும். வரைபடத்தில் நீலப் புள்ளியை அழுத்திப் பிடித்தால் ஒன்பதில் தொடங்குகிற ஒரு எண்ணும் எண்பதில் தொடங்குகிற ஒரு எண்ணும் வரும். அந்த இரண்டு எண்ணையும் அண்ணாவுக்குச் சாதாரணக் குறுஞ்செய்தியாக அடித்தேன். கதைக்க முடியாத சிக்னலிலும் குறுஞ்செய்தி ஒருதரம் நழுவிப் போய்விடும். போகவில்லை என்று காட்டியது, திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருந்தேன். பிறகு பற்றறியை மிச்சம் பிடிக்க ஃபோனை நிறுத்தி வைத்தேன். ஒன்று போய்ச் சேர்ந்தது என்பது விடிந்துதான் தெரியும்.

அந்த இரவைப் பற்றி அதிகம் எழுத எனக்கு விருப்பமில்லை. குளிர், நுளம்பு, காலில் விண்விண் என்ற வலி. எங்கேயோ கொப்பு முறிகிற சத்தம் கேட்டது; யானையா, காற்றா தெரியாது, ஆனால் அந்தச் சத்தத்தில் என் மகளின் முகம் வந்தது. அம்மா கொடிகாமத்தில் விளக்கோடு படலையில் நிற்பா என்று தெரியும், சொல்ல வழியில்லை. அப்பா மேல் கோபம் வந்தது. இப்படி ஒரு காணியை எங்களுக்கு ஏன் விட்டுப்போனார் என்று. பிறகு அந்தக் கோபத்துக்காக அழுதேன். கம்பி கட்டியவனைக் கண்டால் என்ன செய்வேன் என்று யோசித்து யோசித்து விடியும்வரை அவனோடு மனதுக்குள் சண்டை பிடித்தேன். அந்தச் சண்டைதான் என்னை நித்திரை கொள்ளாமல் வைத்தது.

மழை விட்டு வானம் வெளித்திருந்தது. மார்கழி முன்னிரவில் கிழக்கே ஏறுகிற அந்த மூன்று வெள்ளி வரிசை விடியப்புறம் மேற்கே நேரே இறங்கும் என்று அப்பா சின்னனில் காட்டியிருக்கிறார். அது இறங்கிய பக்கம் மேற்கு என்றால் என் வலக்கைப் பக்கம் வடக்கு, ஏ35 அந்தப் பக்கம். வாடைக் காற்றும் அந்தப் பக்கத்தால்தான் முகத்தில் அடித்தது. அப்படிக் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்க, நல்ல இருட்டிலேயே, வடக்கே தூரத்தில் சங்குச் சத்தமும் சேமக்கலச் சத்தமும் கேட்டன. திருவெம்பாவை நாட்கள். ஊருக்குள் கோயிலில் பாடத் தொடங்கிவிட்டார்கள். ஒலிபெருக்கியில் பாட்டு வந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் விம்மி விம்மி அழுதேன், இப்போது எழுதும்போதும் அழுகை வருகிறது. ஆள் இருக்கிற இடம் அங்கே இருக்கிறது என்று தெரிந்ததுதான் அந்த இரவில் எனக்குக் கிடைத்த முதல் நிம்மதி. ஆனாலும் சத்தத்தைப் பார்த்துக் காட்டுக்குள்ளால் நேரே நடக்கவில்லை. நிலம் தெரிகிற வெளிச்சம் வந்தபிறகு சில்லுத் தடத்தாலேயே ஒரு தடியை ஊன்றி மெல்ல நடந்தேன்.

முதலில் எதிரே வந்தவன் ஒரு பெடியன். இருபத்தைந்து வயதிருக்கும். மோட்டார் சைக்கிளில், பின்னால் ஒரு சாக்கு, கையில் கத்தி. என்னைக் கண்டதும் நிறுத்தி, என் காலைப் பார்த்தான். அவன் முகம் போன போக்கிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. “அக்கா… அக்கா, என்ர கம்பி அக்கா” என்றான். இரவு முழுக்க நான் யோசித்து வைத்த ஒரு சொல்லும் வாயில் வரவில்லை. “ஏத்து” என்றேன். என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனான். வழியெல்லாம் அவன் முதுகு நடுங்கிக்கொண்டிருந்தது. ஊர் வாசலில் அண்ணாவும் ஐயாவின் மகனும் எண்களை வைத்துக்கொண்டு எந்தத் தடத்தால் உள்ளே வருவது என்று கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

பக்கத்து ஆஸ்பத்திரியில் காயத்துக்குத் தையல், ஏற்பூசி (ரெற்றனஸ் ஊசி), பிறகு நரம்பு பார்க்கப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அரச ஆஸ்பத்திரியில் காசு இல்லை, ஆனால் வாடகை வானுக்குப் பன்னிரண்டாயிரம், ஸ்கூட்டி திருத்த ஒன்பதாயிரம், சம்பளமில்லாத லீவு ஒருபக்கம். காலில் முழு உணர்ச்சி இன்னும் வரவில்லை. இப்படி ஒரு நிலையில் சிக்னல் உள்ளவர்கள் 1990 க்கு எடுங்கள். காசு வாங்காத அம்புலன்ஸ், வடக்கில் 2018 இலிருந்து ஓடுகிறது. எடுத்தால் ஊர்ப் பெயர் மட்டும் போதாது. எந்தப் பெருந்தெருவில் எத்தனையாம் கிலோமீற்றர் கட்டையால் உள்ளே திரும்ப வேண்டும், திரும்புகிற இடத்தில் என்ன கோயில், என்ன கடை என்று சொல்ல வேண்டும். வயலுக்குப் போகும்போதே அந்தக் கட்டையின் எண்ணைப் பார்த்து எழுதி வைத்தால் பிறகு யோசிக்க வேண்டாம். ஆஸ்பத்திரிப் பொலிஸார் வாக்குமூலம் எடுத்தார்கள். கம்பி தன்னுடையதுதான் என்று அந்தப் பெடியன் தானே சொன்னான். வழக்கு நடப்பதால் அதற்கு மேல் எழுதவில்லை.

ஆனால் அவன் என்னிடம் சொன்ன ஒன்றை எழுத வேண்டும். அவனும் தாயும் காண வந்தபோது கேட்டேன், உன்னுடைய கச்சானைக் காக்கத்தான் கட்டினாய் என்றால் காட்டுக்குள் அவ்வளவு தூரத்தில் ஏன் கட்டினாய் என்று. கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். “கச்சானில விட்ட கடனைக் கட்டத்தான் அக்கா. பண்டி பட்டா கொஞ்சம், மரையோ மானோ பட்டா கூட. யாழ்ப்பாணத்தில இருந்துதான் ஓடர் வாறது. வெளிநாட்டுக்காரர் வந்து நிண்டா முதலே சொல்லி வைப்பினம்.” எங்கள் வீட்டிலும் பெரியப்பாவின் மகன் லண்டனிலிருந்து வந்தபோது “வன்னிப் பக்கம் மான் வத்தல் எடுக்கலாமோ” என்று கேட்டது எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. மானும் மரையும் உடும்பும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. பிடிப்பதும் விற்பதும் மட்டுமில்லை, வாங்கி வைத்திருப்பதும் குற்றம். வனவிலங்குச் சட்டம் 1937 இலிருந்து இருக்கிறது, இதைத் தெரியாதவர் இல்லை. சட்டத்தை விட்டாலும், அந்த இறைச்சி எப்படி வந்தது என்று கேளுங்கள். பெரும்பாலும் கம்பியில் வந்திருக்கும். கம்பி மானை மட்டும் பிடிப்பதில்லை. 2020 மே மாதம் மலையகத்தில் நல்லதண்ணிப் பக்கத்தில் ஒரு கருஞ்சிறுத்தை சுருக்கில் மாட்டிச் சில நாட்களில் செத்தது, நாடே பார்த்தது. கன்றுக்குட்டி மாட்டும், வேட்டைக்காரனின் நாயே மாட்டும், ஒரு வயல்காரியும் மாட்டுவாள். சாப்பாட்டு மேசைக்கு அந்த வத்தல் வேண்டாம் என்று நாங்கள் யாழ்ப்பாணத்தில் சொன்னால், அந்தப் பெடியனுக்கு அந்தக் கம்பியால் காசு இல்லை. அவனைத் திட்டுவதைவிட அது பெரிய வேலை என்று நான் உண்மையாகவே நம்புகிறேன்.

பன்றியை என்ன செய்வது என்ற கேள்வி அப்படியே இருக்கிறது, அதைத் தட்டிக்கழிக்க முடியாது. அனுமதி பெற்ற துவக்கு ஒரு வழி. அது பிரதேச செயலகம், பொலிஸ் எல்லாம் ஏறி இறங்குகிற வேலை, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியது. வைத்திருப்பவர் நிதானமானவராக, குடிக்காதவராக இருக்க வேண்டும். ஊருக்கு ஒருவரோ இருவரோ அப்படி இருந்தால் நல்லது, வயலுக்கு ஒன்று தேவையில்லை. முள்ளுக்கம்பி வேலி பன்றிக்குச் சரிவராது, அடியால் கிளறிக்கொண்டு வந்துவிடும். கீழ்க்கம்பி நிலத்தோடு ஒட்டியிருக்க வேண்டும், அல்லது பழைய மீன்வலையை மண்ணுக்குள் ஒரு முழம் புதைத்துக் கட்ட வேண்டும். வலையைப் பருத்தித்துறைப் பக்கம் மலிவாக எடுக்கலாம். வயலைச் சுற்றிப் பற்றையை ஒரு நாலு பாகத்துக்கு வெளியாக்கினால் பன்றி வெளியில் வரத் தயங்கும். சூரிய ஒளி மின்வேலிதான் இப்போதைக்கு நான் கண்டதில் நல்லது. அது விட்டுவிட்டுக் கணநேரத் துடிப்பாக அடிக்கும், அடிபட்ட மிருகம் பயந்து விலகும், சாகாது, ஆளும் சாகாது. வீட்டு மின்சாரம் கொடுத்த கம்பி அப்படி இல்லை, தொட்டவரைப் பிடித்துக்கொள்ளும். இரண்டையும் ஒன்றென்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மின்வேலியின் கீழே புல் வளர்ந்து கம்பியில் பட்டால் வலு இறங்கிவிடும், ஆகவே கிழமைக்கு ஒருமுறை ஒருவர் சுற்றிவர வேண்டும். இது தனியொருவரின் வயலுக்குக் கட்டுப்படியாகாது. ஒருவர் போட்டால் பன்றி அடுத்தவர் வயலுக்குள் போகும், அடுத்தவர் கம்பி கட்டுவார்.

கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் காலில் கட்டோடு போய் இருந்து இதைத்தான் சொன்னேன். எல்லோரும் சம்மதிக்கவில்லை. “உங்களுக்குச் சம்பளம் இருக்கு பிள்ளை, எங்களுக்கு இதுதான்” என்று ஒரு அம்மா சொன்னா. அது நியாயமான பேச்சு, அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஏழு பேர் சேர்ந்து காட்டுப் பக்கத்து எல்லைக்கு மட்டும் மின்வேலி போடுவதென்று முடிவானது. ஏக்கர் கணக்குப்படி காசு, காசு இல்லாதவர் கட்டை வெட்டி நாட்டுகிற வேலை. அந்தப் பெடியன் தன் கம்பிகளை எல்லாம் ஐயாவின் கண்முன்னே கழற்றினான், கட்டை நாட்டுகிற வேலைக்கும் முதல் ஆளாக நிற்கிறான். நான் சங்கிலியை இன்னும் மீட்கவில்லை. அடுத்த காலபோகத்துக்கு முன் வேலி முடியும் என்று நினைக்கிறோம்.

விசுவமடுவுக்குத் தெற்கே வயல் வைத்திருக்கிற யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு ஒன்று. மற்றவர்கள் கட்டியது என்ன, எங்கே என்று எங்களில் ஒருவருக்கும் முழுதாகத் தெரியாது. மாரியில் மதகு மூடினால் மரப் பாதைக்குள் இறங்காதீர்கள். தண்ணீர் வடியும்வரை வயல் கொட்டிலிலேயே படுங்கள், காவல்காரருக்குச் சொல்லிப் பாயும் போர்வையும் அங்கே வைத்திருங்கள். பெண்கள் தனியே தங்க யோசிப்பீர்கள் என்றால் ஐயாவின் வீடு இருக்கிறது, அவரின் மனைவி கதவு திறப்பா. இனி அந்த வழியால் வருகிற எந்தப் பிள்ளையையும் பின்னேரம் காட்டுப் பாதையால் அனுப்புவதில்லை என்று அவ சொல்லியிருக்கிறா.